நட்ட கன்றும் நிற்கும் காடும்

2025 ஜூலையில் தமிழ்நாட்டுச் சுற்றுச்சூழல் செய்திகளில் ஓர் எண் வலம்வந்தது: 9,039. மாநிலத்தின் அலையாத்திக் காடுகள் 2021இல் 4,500 ஹெக்டேராக இருந்தன, 2024இல் 9,039 ஹெக்டேராகிவிட்டன என்று அண்ணா பல்கலைக்கழகத்தின் காலநிலை மாற்றம் மற்றும் பேரிடர் மேலாண்மை மையம் செய்த ஆய்வு சொன்னது. மூன்றே ஆண்டில் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஜூலை 26 உலக அலையாத்தி நாள் என்பதால் செய்திக்கு மவுசு கூடியது. தலைப்புகள் வந்தன, பாராட்டுகள் வந்தன, மேலும் நடுவோம் என்ற உறுதிமொழிகளும் வந்தன.

அதற்கு ஏழு மாதங்களுக்கு முன்பு, 2024 டிசம்பரில், இந்திய வன அளவைத் துறை தன் 2023ஆம் ஆண்டு அறிக்கையை வெளியிட்டிருந்தது. அதன்படி தமிழ்நாட்டின் அலையாத்திப் பரப்பு சுமார் 42 சதுர கிலோமீட்டர், அதாவது 4,200 ஹெக்டேர். முந்தைய அறிக்கையில் இருந்ததைவிடச் சற்றுக் குறைவு. இரண்டு கணக்குகளுக்கும் காலம் வேறு, அளக்கும் முறை வேறு. ஆனாலும் ஒரே கரையைப் பற்றிய இரண்டு பொதுக் கணக்குகளில் ஒன்று மற்றொன்றைப் போல் இரு மடங்குக்கும் மேல் இருந்தால், எதைக் காடு என்று எண்ணினார்கள் என்ற கேள்வி உடனே எழுந்திருக்க வேண்டும். நின்று வளர்ந்த காட்டையா, கன்று நட்ட சேற்றையா? கொண்டாட்டத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

கேட்டாக வேண்டிய காலம் இது. காலநிலை மாற்றத்துக்குக் கடலிடம் தீர்வு தேடும் யோசனைகள் இன்று பல. கடலில் இரும்பைக் கரைப்பது, காரத்தைக் கலப்பது, கடற்பாசி வளர்ப்பது, கடலோரக் காடுகளிலும் சேற்றிலும் கரிமத்தைச் சேமிப்பது என்று பட்டியல் நீள்கிறது. இவற்றில் எல்லோருக்கும் பிடித்தது அலையாத்தி நடவு. 2023 பிப்ரவரி 1 அன்று மத்திய நிதிநிலை அறிக்கையில் நிர்மலா சீதாராமன் அறிவித்த ‘மிஷ்டி’ திட்டம் ஐந்து ஆண்டுகளில் 540 சதுர கிலோமீட்டரை இலக்காக வைத்தது. கடற்கரையோரத்திலும், சாத்தியமான இடங்களில் உப்பள நிலங்களிலும் நடுவது என்று அந்த உரையே சொன்னது. அந்த ஒரு தொடரால் மரக்காணம் போன்ற உப்பள ஊர்கள் தேசியக் காலநிலைத் திட்டத்தின் வரைபடத்துக்குள் வந்துவிட்டன.

அலையாத்தியின் பெருமையை யாரும் மறுக்கவில்லை. அதன் வேரடிச் சேற்றில் காற்றுப் புகாததால் மக்கும் வேலை மெதுவாகவே நடக்கிறது. ஒரு ஹெக்டேர் முதிர்ந்த அலையாத்தி நிலம், மண்ணையும் சேர்த்துக் கணக்கிட்டால், பெரும்பாலான தரைக்காடுகளைவிடப் பல மடங்கு கரிமத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. இறாலும் நண்டும் மீன்குஞ்சும் அந்த வேர்களுக்கிடையே வளர்கின்றன. 2004 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் குறைவாகச் சேதமடைந்தன என்று 2005இல் வெளியான ஆய்வுகள் காட்டின. தூரமும் மேடும்தான் காப்பாற்றின என்று மறுத்தவர்களும் அலையைத் தணிப்பதில் மரத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. கடலில் ரசாயனம் கொட்டுவதோடு ஒப்பிட்டால் கன்று நடுவது சாதுவான காரியம். கடலோரக் கிராமத்துக்குச் சில நாள் கூலியும் கிடைக்கிறது. இவ்வளவும் உண்மை.

குறை ஒன்றுதான். ஆனால் மற்ற எல்லாவற்றையும் கெடுக்கக்கூடிய குறை. இந்த நாட்டில் அலையாத்தி மீட்பு, நடப்பட்ட கன்றின் எண்ணிக்கையாலும் நடப்பட்ட ஹெக்டேராலும் அளக்கப்படுகிறது. காடு வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கும் நீரை யாரும் அந்த அளவுக்கு அளப்பதில்லை.

காரணம் எளிது. நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. நாற்றங்காலில் பை நிரப்பியதற்குக் கணக்குக் காட்டலாம், குழி எடுத்ததற்குக் காட்டலாம், நட்டதற்குப் படம் எடுக்கலாம். கடல் ஓதம் எத்தனை மணி நேரம் நிலத்தில் நின்றது, எப்போது வடிந்தது, கோடையில் சேற்று நீரின் உப்பு எவ்வளவு ஏறியது என்பதற்கு ரசீது இல்லை. சுரபுன்னை என்னும் அலையாத்தி மரத்தின் விதை மரத்திலேயே முளைவிட்டு முழ நீளத்துக்குத் தொங்கும்; அதை எடுத்துச் சேற்றில் குத்தினாலே நட்டாயிற்று. ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் குத்தலாம். எது எளிதோ அதுவே நடக்கிறது, எது நடக்கிறதோ அதுவே வெற்றி என்று எழுதப்படுகிறது.

இதன் பிழை என்ன என்று பார்க்க மரக்காணத்தைவிட நல்ல இடம் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்கள் இந்த ஊரை உப்புக் குவியல்களால் அறிவார்கள். பின்னால் இருக்கும் நீர்வழிகள் அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. வடக்கே எடையன்திட்டு முகத்துவாரம். தென்மேற்கே, தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி என்று சொல்லப்படும் கழுவெளி. இரண்டையும் இணைக்கும் உப்பங்கழி. குறுக்கே பக்கிங்காம் கால்வாய். கழுவெளியின் உள்பகுதிக்கு ஏரிகளின் உபரிநீர் மழைக்காலத்தில் வந்து சேர்கிறது. கடல்பக்கத்திலிருந்து ஓதம் ஏறுகிறது. இந்தக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான். சேறு ஒரு சாண் உயர்ந்தால் கடல்நீர் மாதத்தில் சில நாள் மட்டும் தொடும்; ஒரு சாண் தாழ்ந்தால் நீர் வடியவே வடியாது. இந்த ஒரு சாணுக்குள்தான் வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரத்தின் வாழ்வும் சாவும் இருக்கின்றன.

அந்த ஒரு சாணை அளவாகக் கையாளத் தெரிந்தவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். உப்பளத்து வேலை என்பது முழுக்க முழுக்க நீரின் கணக்கு. மழை ஓய்ந்து, வரப்புகளைச் சீர்செய்து, பாத்தியில் படிந்த சேற்றை வாரி, தரையை மிதித்து மிதித்து இறுக்குவதில் பருவம் தொடங்குகிறது. நீர் கீழே இறங்கக் கூடாது, அதுதான் மிதிப்பதன் நோக்கம். பிறகு உவர்நீரைப் பாத்தி விட்டுப் பாத்தி நகர்த்துகிறார்கள். உப்பின் அடர்த்தியைக் காட்டும் அளவுகோலில் கடல்நீர் சுமார் மூன்றரை டிகிரியில் இருக்கும்; வெயிலில் வற்ற வற்ற அடர்த்தி ஏறும்; இருபத்தைந்து டிகிரியைத் தொடும்போது உப்பு பூக்கும். முப்பதை நெருங்கவிட்டால் கசப்பு உப்புகள் சேர்ந்துவிடும், ஆகவே அதற்குள் வாரி எடுத்துக் கழிநீரை வெளியேற்றிவிட வேண்டும். எந்த மடையை எப்போது திறப்பது, எவ்வளவு நீர் விடுவது, எந்தக் காற்றில் எத்தனை நாளில் வற்றும் என்பதெல்லாம் பார்த்தே சொல்லக்கூடிய தேர்ச்சி அவர்களுக்கு உண்டு.

நீரை உள்ளே விடு, வெளியேறாமல் தடு, வெயிலில் வற்றவிடு. உப்பு எடுக்கும் முறை இது. அலையாத்தி சாகும் முறையும் இதேதான். பிச்சாவரத்தில் அப்படித்தான் செத்தது.

ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை பிச்சாவரத்துக் காட்டைக் கூறுகூறாகப் பிரித்து, முறைவைத்து, மொட்டையாக வெட்டினார்கள். மரம் போன இடத்தில் வெயில் நேரே சேற்றில் பட்டது. சேறு காய்ந்து சுருங்கி, நடுப்பகுதி அமிழ்ந்து, தட்டு போலக் குழிந்தது. பெரிய ஓதத்தில் ஏறிய நீர் திரும்பி வடிய வழியில்லாமல் தேங்கி, ஆவியாகி, உப்பை விட்டுச் சென்றது. ஆண்டுக்காண்டு உப்பு ஏறியது. விதை விழுந்தாலும் முளைக்காத தரையானது. யாரும் திட்டமிடாமலேயே காட்டின் நடுவே உப்பளங்கள் உருவாகிவிட்டன. பழியை நெடுங்காலம் விறகு வெட்டுகிறவர்கள் மீதும் மாடு மேய்க்கிறவர்கள் மீதும் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் சேர்ந்து அந்தப் பழியை ஒதுக்கிவைத்துவிட்டு மண்ணின் மட்டத்தைப் பார்த்தன. தாழ்ந்த நிலத்திலிருந்து அருகிலுள்ள இயற்கை ஓடைக்கு ஒரு முதன்மை வாய்க்கால். அதன் இருபுறமும் சாய்கோணத்தில் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் வடிவம். வாய்க்காலின் சரிவில், நீர் ஏறும்போது தொட்டும் இறங்கும்போது விட்டும் போகிற நடுமட்டத்தில், கன்றுகளை வைத்தார்கள். ஓதம் வரத் தொடங்கியது, போகவும் தொடங்கியது. உப்பு கழுவப்பட்டது. பிறகு காடு வந்தது. நட்டதும் வந்தது, தானாக முளைத்ததும் வந்தது. இந்திய அலையாத்தி மீட்பில் உலகம் எடுத்துக்காட்டுகிற சாதனை இது. அதன் சாரம் நோயறிதலில் இருந்தது. நீர் ஏன் நிற்கிறது என்று கேட்டதுதான் காட்டை மீட்டது.

அதற்குப் பின்வந்த திட்டங்கள் அந்தச் சாதனையிலிருந்து எடுத்துக்கொண்டது மீன்முள் படத்தை. மட்ட அளவை, உப்புக் கணக்கு, வாய்க்காலை ஆண்டுதோறும் தூர்வாரும் பொறுப்பு ஆகியவை பின்தங்கிவிட்டன. வாய்க்கால் வெட்ட நிதி உண்டு. நான்காம் ஆண்டில் தூர்ந்துபோனால் தூர்வார நிதி தேடி அலைய வேண்டும். தூர்ந்த வாய்க்கால், வாய்க்காலே இல்லாத நிலத்தைவிட மோசம். நீரை அழைத்துவந்து அடைத்துவைக்கிறது.

கணக்கில் நட்டு நிலத்தில் இழப்பது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. சுனாமிக்குப் பின் இலங்கையில் நிதியும் நல்லெண்ணமும் குவிந்தன. 23 திட்ட இடங்களில் நடந்த அலையாத்தி நடவுகளை ருகுணா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பெல்ஜியத்து ஆய்வாளர்களும் ஆராய்ந்து 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மீட்புக்கு எடுத்துக்கொண்ட பரப்பு சுமார் 1,000 முதல் 1,200 ஹெக்டேர். தேறியது 200 முதல் 220 ஹெக்டேர். ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. பொருந்தாத மட்டம், பொருந்தாத இனம், நட்டபின் கவனிக்காதது ஆகியவை காரணங்கள். பிலிப்பைன்ஸில் பல பத்தாண்டு நடவுகளை 2008இல் மதிப்பிட்டவர்கள் பிழைத்தது பத்து முதல் இருபது சதவீதம்தான் என்றார்கள். அங்கும் கைக்கு எளிதான சுரபுன்னையைத்தான், அது இயல்பாக வளராத கடல்முகச் சேற்றில் வரிசைவரிசையாக நட்டிருந்தார்கள். பாகிஸ்தானின் சிந்துக் கழிமுகத்தில் ஒரே நாளில் எத்தனை லட்சம் கன்று என்று கின்னஸ் சாதனைகளே நடந்தன. அப்படிப்பட்ட சாதனையில் பதிவாவது நட்ட நாளின் எண். ஐந்தாம் ஆண்டின் எண்ணுக்கு அந்தப் புத்தகத்தில் இடம் இல்லை.

நடவின் தோல்வி வெறும் பண இழப்பு என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நடவு வெற்றிபெற்றாலும் தீங்கு வரக்கூடிய இடங்கள் உண்டு. கழுவெளி அப்படி ஒன்று. 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேர் பரப்புடன் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. மத்திய ஆசியாவிலிருந்து வரும் வலசைப் பறவைகளுக்கு அது குளிர்காலத் தங்கிடம். மூக்கான்களும் உள்ளான்களும் இரை தேடுவது திறந்த சேற்றில், ஆழம் குறைந்த நீரில். பருந்து வருவதை எட்டத்திலேயே பார்க்கும்படி சுற்றிலும் வெளி இருந்தால்தான் அவை கூட்டமாக இறங்கும். அந்தச் சேற்றில் மரவேலி எழுந்தால் அவற்றுக்கு மேய்ச்சல் நிலம் போகிறது. உலகெங்கும் 1984 முதல் 2016 வரை ஓதச் சேற்று நிலங்களில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு அழிந்துவிட்டதாகச் செயற்கைக்கோள் ஆய்வு காட்டுகிறது. மிஞ்சியதையும் காலநிலையின் பெயரால் காடாக்குவது ஒரு வாழிடத்தைக் கொன்று இன்னொன்றை வைப்பது.

அதே சேற்றில்தான் இருளர்கள் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். மீனவர்களின் சிறுவலைகள் அதே உப்பங்கழியில்தான் ஓடுகின்றன. உமரி முளைப்பதும் அங்கேதான். நடவு வரைபடத்தில் இந்த இடங்கள் காலியாகத் தெரிகின்றன. மரம் இல்லாத நிலம் எதுவும் மரத்துக்காகக் காத்திருக்கிறது என்று எண்ணும் பழக்கம் வனத்துறைக்குப் புதிதல்ல. மேய்ச்சல் நிலங்களில் தைலமரமும், ஏரிகளில் கருவேலமும், மணல் கடற்கரையில் சவுக்கும் ஏறிய வரலாறு அதுதான். கடலோரச் சேற்றில் அலையாத்தி ஏறுவது அதே வரிசையில் அடுத்த படியாகிவிடக் கூடாது.

உப்பள நிலத்தின் நிலைமை இன்னும் சிக்கலானது. ஓடிக்கொண்டிருக்கும் அளத்தில் நடுவது என்றால் தொழிலாளியின் பிழைப்பை எடுப்பது. பிப்ரவரி தொடங்கி வடகிழக்குப் பருவமழை வரும்வரை வேலை, அதற்குப் பிறகு மழைக்கால மூன்று மாதம் கைவிரிப்பு என்று வாழ்கிறவர்கள் அவர்கள். மழைக்கால நிவாரணமாக அரசு குடும்பத்துக்கு 5,000 ரூபாய் கொடுக்கும் அளவுக்கு அந்த மூன்று மாதம் வறுமையானது. 2020 நவம்பரில் நிவர் புயல் மரக்காணம் அருகே கரையேறியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரியை ஒட்டிக் கடந்தபோது விழுப்புரம் மாவட்டமே வெள்ளக்காடானது, மரக்காணத்து உப்பளங்கள் மூழ்கின. காலநிலையின் அடியை முதலில் வாங்குகிறவர்களின் நிலத்தை, காலநிலைத் தீர்வு என்று சொல்லி எடுப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது. கைவிடப்பட்ட அளம் என்றால் கதை வேறு. ஆனால் ஆண்டுக்கணக்கில் மிதித்து இறுக்கிய தரையில், உப்பு ஊறிய களிமண்ணில், கன்றைக் குத்தினால் வேர் இறங்காது. செய்ய வேண்டியது வரப்பை உடைத்து, பழைய ஓடையின் தடத்தைத் திறந்து, ஓதத்தை ஏறி இறங்கவிட்டு, சில பருவமழைகள் உப்பைக் கழுவும்வரை பொறுப்பது. அருகில் தாய்மரங்கள் இருந்தால் நீரே விதையைக் கொண்டுவரும். அந்தப் பொறுமைக்கு நடவுக் கணக்கில் தலைப்பு இல்லை.

இத்தனையும் கரிமத்துக்காக என்றால், அந்தக் கரிமக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடலாம். மிஷ்டியின் 540 சதுர கிலோமீட்டர் என்பது 54,000 ஹெக்டேர். ஒவ்வொரு கன்றும் பிழைத்து, ஒவ்வொரு ஹெக்டேரும் ஆண்டுக்கு 20 டன் கரியமில வாயுவை இழுப்பதாகத் தாராளமாக வைத்துக்கொண்டாலும் மொத்தம் 10.8 லட்சம் டன். இந்தியா ஆண்டுக்கு வெளியிடுவது 300 கோடி டன் அளவில். 2024 மார்ச்சில் திறக்கப்பட்ட வட சென்னை மூன்றாம் நிலை அனல்மின் நிலையம், 800 மெகாவாட் நிலக்கரி உலை, முறையாக ஓடினால் ஆண்டுக்கு 40 லட்சம் டன்னுக்கு மேல் வெளியிடும். நாடு முழுதும் நடும் காடு முழுக்கப் பிழைத்தாலும் அந்த ஓர் உலையில் கால்பங்கைத்தான் ஈடுகட்டும். அலையாத்தியை வளர்க்கக் காரணங்கள் பல இருக்கின்றன; புகைக்கு ஈடு என்பது அவற்றில் பலவீனமானது.

அந்தப் பலவீனமான காரணத்தின் மேல்தான் இப்போது சந்தை கட்டப்படுகிறது. நாட்டின் கரிம வரவு வணிகத் திட்டத்தில் வரவு ஈட்டத் தகுதியான வழிமுறைகளில் ஒன்றாக அலையாத்தி நடவை மத்திய அரசு 2025இல் ஏற்றது. மிஷ்டிக்குப் பணம் வரும் வழிகளில் ஒன்று காம்பா நிதி. வேறெங்கோ காட்டை அழித்தவர்கள் ஈடாகக் கட்டிய தொகை அது. அதாவது, இங்கே எண்ணப்படும் ஒவ்வொரு கன்றும் இரண்டு முறை அனுமதிச்சீட்டாகலாம்: ஒரு முறை வெட்டிய மரத்துக்கு, இன்னொரு முறை விட்ட புகைக்கு. கன்று செத்துவிட்டால் வெட்டியதும் திரும்பாது, விட்டதும் திரும்பாது. பிழையான எண்ணிக்கை அறிக்கையில் கிடந்தால் ஓர் அறிக்கை கெடும்; சந்தைக்குள் போனால் அதை வைத்து உண்மையான புகை வெளியேறும்.

எண்ணிக்கை இல்லாமல் தணிக்கை எப்படி, பொறுப்பு எப்படி என்று நடவின் ஆதரவாளர்கள் கேட்கிறார்கள். ஒன்றுமே நடாமல் இருப்பதைவிட, பாதி பிழைத்தாலும் லாபம்தானே என்றும் சொல்கிறார்கள். இரண்டாவது வாதம் மரம் இல்லாத இடமெல்லாம் பயனற்றது என்று கொண்டால் மட்டுமே நிற்கும். கழுவெளியில் அது நிற்காது. முதல் வாதத்துக்கு விடை அரசிடமே இருக்கிறது. பசுமை வரவுத் திட்டத்தில் 2024இல் நட்ட மரத்துக்கு ஒரு வரவு என்று கணக்கிட்டது மத்திய அரசு. 2025 ஆகஸ்டில் அதைத் திருத்தி, ஐந்தாண்டு கழித்து நாற்பது சதவீத விதான அடர்த்தி இருந்தால்தான் வரவு என்று மாற்றியது. நட்டதை எண்ணுவது போதாது என்பதற்கு அதைவிடத் தெளிவான ஒப்புதல் வேண்டியதில்லை. தரைக்காட்டுக்குப் பொருந்தும் அந்த நியாயம் ஓதக்காட்டுக்கு இன்னும் கூடுதலாகவே பொருந்தும்.

கடல்வழித் தீர்வுகளில் அதிகம் தூற்றப்பட்ட ஒன்றையும் இங்கே பார்க்க வேண்டும். 2009 தொடக்கத்தில் கோவா தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனமும் ‘லோஹாஃபெக்ஸ்’ என்ற சோதனையை நடத்தின. 48 விஞ்ஞானிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள். தெற்கு அட்லாண்டிக்கில் ஒரு நீர்ச்சுழலுக்குள் சுமார் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் பத்துப் பத்து டன்னாக இருமுறை இரும்பு சல்ஃபேட்டைக் கரைத்தார்கள். பாசி பெருகினால் கரிமம் ஆழத்துக்கு இறங்கும் என்பது எதிர்பார்ப்பு. உலகமே எதிர்த்தது, ஜெர்மன் அமைச்சகம் இடையில் நிறுத்திவைத்து, மறு ஆய்வுக்குப் பிறகே அனுமதித்தது. வாரக்கணக்கில் அதே நீரோடு கப்பல் அலைந்து அளந்தது. நீரில் சிலிக்கா இல்லாததால் கனமான டயாட்டம் பாசி பெருகவில்லை. வளர்ந்த மெல்லிய பாசியைச் சிற்றுயிர்கள் தின்றுவிட்டன. ஆழத்துக்கு இறங்கிய கரிமம் மிகச் சொற்பம். எதிர்பார்த்தது நடக்கவில்லை என்று அவர்களே வெளியிட்டார்கள். அந்த வழியில் போகும் ஆசை அதனால் தணிந்தது.

அச்சமூட்டிய சோதனைக்கு அவ்வளவு காவல், அவ்வளவு அளவீடு, அவ்வளவு நேர்மை. பசுமையாகத் தெரிகிற நடவுக்கு அதில் பத்தில் ஒன்றும் கேட்கப்படுவதில்லை. கொட்டிய இரும்பை எண்ணி வெற்றி என்று அந்த விஞ்ஞானிகள் அறிவித்திருந்தால் நாடே நகைத்திருக்கும். நட்ட கன்றை எண்ணி வெற்றி என்றால் மட்டும் ஏன் கைதட்டுகிறோம்? தோற்ற இடங்களின் பட்டியலை எந்த மாநில வனத்துறையாவது தானாக முன்வந்து வெளியிடும் வழக்கம் இங்கே இல்லை. தோல்வியை மறைத்தால் அடுத்த மாவட்டம் அதே மட்டத்தில் அதே இனத்தை மறுபடி நடும்.

உலக வங்கி உதவியுடன் 1,675 கோடி ரூபாய் மதிப்பில் தமிழ்நாடு அறிவித்துள்ள கடலோர மீட்புத் திட்டம் வேலையைத் தொடங்கும் காலம் இது. மரக்காணம் கரைக்கு அதில் ஒரு பங்கு வருமானால், முதல் ரூபாய் நாற்றங்காலுக்குப் போகக் கூடாது. எடையன்திட்டிலிருந்து கழுவெளி வரை ஓரங்குலத் துல்லியத்தில் நிலமட்டத்தை அளக்கட்டும். ஒரு முழு ஆண்டு, பருவமழையும் கோடையும் அடங்க, நீர்மட்டத்தையும் உப்பையும் பதியட்டும். அந்தப் பதிவை எடுக்கும் வேலையை மழைக்கால மூன்று மாதமும் சேர்த்து உப்பளத் தொழிலாளர்களுக்கும் இருளர்களுக்கும் மீனவர்களுக்கும் கூலியோடு கொடுக்கட்டும். டிகிரி பார்க்கத் தெரிந்தவர்களுக்குப் பயிற்சி அதிகம் தேவைப்படாது. எந்த ஹெக்டேர் சேறாகவே இருக்க வேண்டும், எந்த வரப்பை உடைக்கலாம், எங்கே நடத்தான் வேண்டும் என்பதை அந்தப் பதிவை வைத்து, அவர்களையும் குழுவில் உட்காரவைத்து முடிவு செய்யட்டும். நட்ட இடம் ஒவ்வொன்றுக்கும் ஐந்தாம் ஆண்டு நிலையைச் சர்வே எண்ணோடு வெளியிடட்டும். இந்தக் கரையில் நடுவதற்கு இடமே இல்லை என்று அளவீடு சொன்னால், இலக்கு குறைந்ததற்காக எந்த அதிகாரியும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதையும் திட்ட ஆணையிலேயே எழுதிவைக்கட்டும்.